எம்1 கேரண்ட் தோட்டா ஏற்ற மறுக்கிறது: எந்த உதிரிபாகத்தை மாற்றுவது?

ஏரிக்கரை (ஓஹையோ)
ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிக்க மட்டும் செய்தேன். இன்று ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

குடியுரிமை கிடைத்த கையோடு சிஎம்பி (பழைய ராணுவ ரைபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் அமெரிக்க அமைப்பு) மூலம் ஒரு எம்1 கேரண்ட் ராணுவ ரைபிள் வாங்கினேன். 1943-இல் செய்தது. இதுவரை 300 தோட்டா சுட்டிருப்பேன். முதல் 200 வரை ஒரு தடவைகூட நின்றதில்லை. பழைய ஸ்டாக்கில் (ரைபிளைத் தாங்கும் மரக்கட்டை) விரிசல் விட்டிருந்ததால் இரண்டு மாதம் முன்பு புது வால்நட் ஸ்டாக் வாங்கி மாட்டினேன். ரைபிள் பார்க்க அவ்வளவு அழகாகிவிட்டது.

நேற்று கிளப்பில் 200 கஜத்தில் வேகச் சுற்று. வழக்கம்போல் முதலில் 2 தோட்டா போட்ட கிளிப் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடித்து அப்படியே ரைபிளுக்குள் போகும் தகடு), பிறகு 8 போட்ட கிளிப். அந்தப் பத்துக்குள் மூன்று தடவை நின்றுவிட்டது. ஒரு தடவை போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கம் மூடும் பாகம்) ஒழுங்காக மூடியது, ஆனால் ட்ரிகரை இழுத்தால் வெறும் 'டிக்'. திறந்து பார்த்தால் சேம்பர் (தோட்டா வெடிக்கும் அறை) காலி. இன்னொரு தடவை தோட்டாவின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நடுவழியில் மாட்டியது. மூன்றாவது எப்படி நின்றது என்றே கவனிக்கவில்லை, பதற்றத்தில் இழுத்துத் தள்ளிவிட்டுச் சுட்டேன்.

ஆப் ராட் (போல்ட்டை முன்பின் ஓட்டும் நீளக் கம்பி) ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை இழுப்பது), எஜெக்டர் (அதை வெளியே தள்ளுவது), ஃபாலோயர் (தோட்டாவை மேலே தூக்கும் தகடு), கிளிப் லாட்ச் (கிளிப்பைப் பிடிக்கும் கொக்கி), ஒரு டஜன் புதுக் கிளிப் என்று எல்லாவற்றையும் இணையத்தில் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். இருநூறு டாலருக்குப் பக்கம் வருகிறது. வாங்கி எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாமா?

---

மஞ்சள்கிரீஸ் (பென்சில்வேனியா)
ஞாயிறு இரவு

இன்னும் எதுவும் வாங்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் ஒருவேளை சரியாகலாம், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. ஆறு மாதம் கழித்து அதே கோளாறு வந்தால் மறுபடி இருநூறு டாலர்.

நீங்கள் சொன்ன முதல் இரண்டும் ஒரே கோளாறு இல்லை. இரண்டையும் 'ஜாம்' என்று ஒரே பெயரில் அழைக்கிறோம், அதனால் குழம்புகிறது. சில கேள்விகள் கேட்கிறேன். நினைவில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள், ஊகம் வேண்டாம்.

கிளிப்பில் எத்தனையாவது தோட்டாவில் நிற்கிறது? சுட்ட கேஸ் (வெற்றுக்கூடு) எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் விழுகிறது? முன்பும் அங்கேதான் விழுந்ததா? மாட்டிய தோட்டாவை எடுத்துப் பார்த்தீர்களா, அதன் உடம்பில் பள்ளம் இருக்கிறதா? என்ன தோட்டா? கடைசியாக எங்கே எல்லாம் கிரீஸ் வைத்தீர்கள்?

கேரண்டைப் பற்றி முதலில் ஒன்று மனதில் இருக்கட்டும். மற்ற ரைபிள்களில் மேகசினுக்கு ஒரு ஸ்பிரிங், போல்ட்டைத் திருப்பி அனுப்ப ஒரு ஸ்பிரிங். கேரண்டில் இரண்டு வேலையும் ஒரே நீள ஸ்பிரிங்குக்கு. பின்னால் ஓடும் ஆப் ராடை முன்னுக்குத் தள்ளுவதும் அதுதான், ஃபாலோயர் ராட் வழியாகத் தோட்டா அடுக்கை மேலே தூக்குவதும் அதுதான். ஆகவே அந்த ஸ்பிரிங் தளர்ந்தால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாததுபோல் தெரியும் இரண்டு கோளாறுகள் சேர்ந்து வரும். அதே சமயம், அப்படி இரண்டு வந்தால் ஸ்பிரிங்தான் காரணம் என்றும் முடிவு கட்டிவிட முடியாது.

---

குறிமுள் (டெக்சஸ்)
திங்கள் காலை

இதற்கு இவ்வளவு விசாரணை எதற்கு? கேரண்டின் பிரபலமான 'ஏழாவது தோட்டா' கோளாறு இது. அந்தக் காலத்திலிருந்தே இந்த ரைபிளுக்கு இருக்கும் வியாதி.

---

மஞ்சள்கிரீஸ் (பென்சில்வேனியா)
திங்கள் காலை

இல்லைங்க. பெயர் பொருந்துவதால் காரணமும் பொருந்திவிடாது.

ஜான் கேரண்டின் ரைபிளை அமெரிக்க ராணுவம் 1936-இல் ஏற்றது. உற்பத்தி வேகம் பிடித்த பிறகு, 1939-40 வாக்கில், ஏழாவது தோட்டா ஏறாமல் நிற்கும் புகார் பெரிதாக வந்தது உண்மை. தேடிப் பார்த்தபோது, ரிசீவருக்குள் (போல்ட் ஓடும் உடற்பகுதி) தோட்டாவின் மூக்கை நேராகப் பிடித்துக் கொடுக்கும் ஒரு சிறிய விளிம்பை, கடைசல் முறையை மாற்றியபோது தவறுதலாகக் கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டார்கள் என்று தெரிந்தது. வடிவமைப்பில் தவறு இல்லை, தயாரிப்பில் நடந்த பிழை. திருத்திவிட்டார்கள். 1943 ரிசீவரில் அது இருக்க வாய்ப்பில்லை. இவருடைய ரைபிள் முதல் 200 தோட்டாவை ஒழுங்காகச் சுட்டும் இருக்கிறது. உலோகத்தில் வெட்டுப்பிழை என்றால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

என்ன பழுது என்பதைவிட எப்போதிலிருந்து பழுது என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

---

ஏரிக்கரை (ஓஹையோ)
திங்கள் இரவு

நன்றி அண்ணா. கிளப் நண்பர் ஒருவர் கைபேசியில் வீடியோ எடுத்திருந்தார், அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். நல்லவேளை.

முதல் கோளாறு (காலி சேம்பர்): 8 தோட்டா கிளிப்பில் 3-ஆவது. இரண்டாவது (மூக்கு தூக்கியது): 7-ஆவது. நான் கவனிக்காத மூன்றாவதும் காலி சேம்பர்தான், அது 2 தோட்டா கிளிப்பின் இரண்டாவது தோட்டா.

கேஸ் முன்பெல்லாம் வலதுபுறம் முன்னால் பாயும், பக்கத்து ஆளின் பாய்க்கு முன்னால் போய் விழும். இப்போது என் தோளுக்குப் பக்கத்திலேயே சோர்ந்து விழுகிறது. நீங்கள் கேட்கும்வரை இது உறைக்கவே இல்லை.

மாட்டிய தோட்டாவை எடுத்து வைத்திருக்கிறேன். உடம்பின் நடுவில், அடியிலிருந்து முக்கால் அங்குலம் மேலே, பிறைநிலா மாதிரி ஒரு பள்ளம்.

தோட்டா, முன்பு சிஎம்பி விற்ற கிரேக்கத் தயாரிப்பான எச்எக்ஸ்பி, குண்டின் எடை 150 கிரெய்ன். முதல் 200-ம் அதே பெட்டியிலிருந்துதான். கிரீஸ் வைக்கவில்லை. எண்ணெய் போட்டேன், எல்லா இடத்திலும்.

---

பழைய ஹவில்தார் (திருநெல்வேலி)
செவ்வாய் காலை

தம்பி, நான் கேரண்டைக் கையில் பிடித்ததில்லை. என் காலம் முழுக்க இஷாப்பூர் 7.62 எஸ்எல்ஆர் ரைபிள்தான். ஆனாலும் நீ சொல்வதைக் கேட்கும்போது பழைய ஞாபகம் வருகிறது.

எஸ்எல்ஆரில் கேஸ் ரெகுலேட்டர் என்று ஒரு வளையம் உண்டு. இங்கே கேஸ் என்றால் வாயு, வெற்றுக்கூடு இல்லை. அதை முழுக்கத் திறந்துவிட்டால் வாயு வெளியே போய்விடும், ரைபிளுக்குத் தெம்பு இருக்காது. மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுவோம். போல்ட் பின்னால் போய் நின்றால் முழு ஓட்டம் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். நிற்காவிட்டால் ஒரு கிளிக் மூடுவோம், மறுபடி ஒரு தோட்டா. தவறாமல் நிற்கத் தொடங்கியதும் கூடுதலாக இரண்டு கிளிக். அவ்வளவுதான். இந்தப் பயிற்சியை வெலிங்டனில் எங்களுக்கு மனப்பாடமாக ஏற்றினார்கள்.

உன் ரைபிளில் அந்த வளையம் கிடையாது என்று நினைக்கிறேன். ஆனால் கேஸ் தோளருகில் விழுவதும் சேம்பர் காலியாக மூடுவதும் எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சுதான் பேசும்: போல்ட் முழுசாகப் பின்னால் போகவில்லை. பாதி தூரம் போய், சுட்ட கூட்டைத் துப்பிவிட்டு, அடுத்த தோட்டாவுக்குப் பின்னால் போவதற்குள் திரும்பிவிடுகிறது. தோட்டா ஏற்றுவதில் குற்றம் இல்லை. ஓட்டத்தில் குறைவு.

இன்னொன்று. பாலைவனத்தில் பயிற்சி எடுத்தபோது எங்கள் செக்‌ஷனில் ஒரு ரைபிள் அடிக்கடி நிற்கும். ரைபிளை மாற்றினார்கள், ஆளை மாற்றினார்கள், தீரவில்லை. கடைசியில் மேகசின்களுக்குப் பெயிண்டால் எண் போட்டோம். இரண்டே நாளில் தெரிந்துவிட்டது, எந்த ரைபிளில் போட்டாலும் ஒரே மேகசின்தான் நிற்கிறது. தோட்டாவைப் பிடிக்கும் மேல் உதடு லேசாக விரிந்திருந்தது, கண்ணுக்கே தெரியாது. உன் கிளிப்புக்கும் எண் போடு.

---

புதுவரவு_ஆஸ்டின்
செவ்வாய் மதியம்

தலைப்புக்கு வெளியே ஒரு கேள்வி, மன்னிக்கவும். நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். இதுபோல ஒன்று வாங்க முடியுமா?

---

மட்டுறுத்துநர்
செவ்வாய் மதியம்

எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு நிலைமை வேறு. சிஎம்பி குடியுரிமை கேட்கும். இதில் தவறினால் குற்ற வழக்கு, விசாவும் போகும். ஆகவே மன்றத்தில் கேட்டு முடிவெடுக்காமல் வழக்கறிஞரிடம் போங்கள். மேலும் கேட்க வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள்.

---

மஞ்சள்கிரீஸ் (பென்சில்வேனியா)
செவ்வாய் இரவு

ஹவில்தார் ஐயா சரியாகப் பிடித்துவிட்டார். காலி சேம்பர் இரண்டும் ஓட்டக் குறைவு. 2 தோட்டா கிளிப்பில்கூட வந்தது என்பதால், அது எத்தனையாவது தோட்டா என்பதைச் சார்ந்ததில்லை. 7-ஆவதில் மூக்கு தூக்கியதைத் தனியாக வைத்துக்கொள்வோம். அந்தப் பிறைப் பள்ளம் போல்ட்டின் கீழ் விளிம்பு போட்ட முத்திரை. தோட்டா முழு உயரத்துக்கு எழும்புவதற்குள் போல்ட் வந்து அதன் முதுகில் ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் ஓட்டம்.

தொடங்கும் முன் பாதுகாப்பு. வீட்டில் எந்தச் சோதனைக்கும் நிஜத் தோட்டா வேண்டாம், டம்மி (வெடிமருந்து இல்லாத தோட்டா) மட்டும். சுடுதளத்தில் தோட்டா பாதியில் மாட்டினால் முனை இலக்கின் பக்கமே இருக்கட்டும். ஆப் ராட் கைப்பிடியை வலது கையால் முழுக்கப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, ரிசீவரின் இடப்பக்கம் இருக்கும் கிளிப் லாட்ச்சை அழுத்துங்கள், கிளிப் தோட்டாவோடு மேலே வரும். கைப்பிடியை விட்டுவிட்டு உள்ளே விரல் விடாதீர்கள். கேரண்ட் கட்டைவிரலைக் கடிப்பதை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள், நகம் போனவரை நேரில் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, ஒற்றைத் தோட்டாவைக் கையால் சேம்பருக்குள் போட்டு அதன்மேல் போல்ட்டை விடாதீர்கள். இதன் ஃபயரிங் பின்னை (தோட்டாவின் அடியை அடிக்கும் ஊசி) பின்னுக்குப் பிடித்து வைக்க ஸ்பிரிங் கிடையாது. மென்மையான பிரைமர் (தோட்டாவின் அடியில் தீப்பற்றும் மூடி) என்றால் ட்ரிகரைத் தொடாமலே வெடிக்கலாம்.

இப்போது ஓட்டத்துக்கு. வாயு எங்கேயாவது கசிகிறதா, அல்லது ராட் எங்கேயாவது உரசுகிறதா, இந்த இரண்டுதான் கேள்வி.

கசிவில் முதலில் பார்க்க வேண்டியது முனையில் இருக்கும் கேஸ் பிளக் (வாயு அடைப்புத் திருகு). சுடச் சுடத் தானாகவே தளரும். காசு செலவில்லாத சோதனை இது, ஆனால் பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். கையால் திருகினால் போதாது, கருவி போட்டு இறுக்குங்கள். அடுத்தது பிஸ்டன் தேய்மானம். ஆப் ராடின் பிஸ்டன் முனை 0.525 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, சிலிண்டரின் உள்விட்டம் 0.532-ஐத் தாண்டக் கூடாது. மைக்ரோமீட்டர் உள்ள ஆளிடம் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். பளபளப்பாக இருக்கட்டும் என்று பிஸ்டனை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தேய்த்த உலோகம் திரும்ப வராது. சிலிண்டருக்குள் எண்ணெயும் கூடாது, காய்ந்தே இருக்க வேண்டும்.

உரசலுக்குச் சாய்வுச் சோதனை. ஸ்பிரிங்கையும் ஃபாலோயர் ராடையும் கழற்றிவிட்டு, போல்ட்டும் ஆப் ராடும் மட்டும் இருக்கும்படி, முதலில் ஸ்டாக் இல்லாமல் முனையை மேலும் கீழும் சாயுங்கள். ராட் தன் எடையிலேயே முழுத் தூரமும் சறுக்க வேண்டும். பிறகு ஸ்டாக்கை மாட்டி, ஹேமரை (ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியல்) பின்னுக்கு வைத்து, அதே சோதனை. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

கடைசியாக, எண்ணெய். கேரண்டுக்கு எண்ணெய் போதாது, கிரீஸ் வேண்டும். போர்க்காலத்திலேயே மழையில் நனைந்தால் எண்ணெய் கழுவிக்கொண்டு போய் போல்ட் இறுகியது. அதற்காகத்தான் ஸ்டாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும்படி குட்டிக் கிரீஸ் டப்பா கொடுத்தார்கள். போல்ட்டின் வலது காது (பக்கத்தில் நீட்டிய மேடு) ஆப் ராடுக்குள் திரும்பும் பள்ளம், ரிசீவரில் ராட் ஓடும் தடம், போல்ட் காதுகள் பூட்டும் இடம், பேரலின் அடியில் ராட் தொடும் இடம், ஹேமர் முகம் போல்ட்டின் அடியில் உரசும் இடம். ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவு போதும்.

---

குறிமுள் (டெக்சஸ்)
புதன் காலை

ஏழாவது தோட்டா பற்றி நான் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓட்டம் குறைவு என்றால் கொஞ்சம் வலுவான தோட்டா போட்டுப் பார்க்கலாமே? கடையில் 180 கிரெய்ன் வேட்டைத் தோட்டா கிடைக்கிறது. உந்துதல் கூடும்.

---

மஞ்சள்கிரீஸ் (பென்சில்வேனியா)
புதன் காலை

தயவு செய்து வேண்டாம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேரண்ட், பேரலின் முனைக்குப் பக்கத்தில் இருக்கும் துளையிலிருந்து வாயுவை எடுக்கிறது. குண்டு அங்கே வரும்போது எவ்வளவு அழுத்தம் மிச்சமிருக்கிறது என்பதே கணக்கு. கனமான குண்டுக்கு மெதுவாக எரியும் வெடிமருந்து போடுவார்கள். அது சேம்பரில் பாதுகாப்பான அழுத்தமாக இருந்தாலும் முனைப்பக்கம் அதிகமாக இருக்கும். நீளமான, வளைந்த அந்த ஆப் ராடை அது வளைத்துவிடும். இந்த ரைபிள் 150 கிரெய்ன் 'எம்2 பால்' (M2 Ball, சாதாரண ராணுவத் தோட்டா) தோட்டாவை மனதில் வைத்துச் சரிசெய்யப்பட்டது. கேரண்டுக்கென்றே தயாரித்த தோட்டா கிடைக்கிறது, அதை வாங்குங்கள். வேட்டைத் தோட்டாதான் சுட வேண்டும் என்றால் வாயுவை வெளியேற்றும் பிளக் மாட்டிக்கொண்டு சுடலாம்.

நோய்க்குக் காரணம் தெரியாதபோது வலிமையைக் கூட்டினால் நோய் மறையும், ராட் வளைந்தபிறகு வேறு நோயாகத் திரும்பி வரும்.

---

சிங்கை_என்எஸ்
புதன் இரவு

ஹவில்தார் ஐயா சொன்ன 'ஏற்றுவதில் குற்றம் இல்லை' என்ற வரியைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் தேசிய சேவையில் எம்16எஸ்1 சுட்டவன். சிங்கப்பூரிலேயே உரிமம் பெற்றுத் தயாரித்த எம்16 அது. எங்கள் பயிற்சியாளர் ஒரு வரலாறு சொல்வார், பிறகு நானே தேடிப் படித்தேன்.

வியட்நாமில் எம்16 மோசமாக நின்றது எல்லாருக்கும் தெரியும். அந்தத் தருணத்தில் சிப்பாய் பார்ப்பது, புதுத் தோட்டா பாதியில் முட்டிக்கொண்டு நிற்பதை. பார்த்தால் ஏற்றும் கோளாறு மாதிரியே இருக்கும். உண்மையில் சுட்ட கேஸ் சேம்பரில் ஒட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. அடுத்த தோட்டாவின் மூக்கு அதன் அடியில் போய் முட்டியது. மேகசினை மாற்றினால் என்ன பயன்? முனை வழியாகத் துடைப்புக் கம்பியை விட்டுக் குத்தித் தள்ள வேண்டியிருந்தது.

காரணங்கள் பல சேர்ந்தன. ரைபிளைச் சோதித்தபோது பயன்படுத்திய ஐஎம்ஆர் என்ற வெடிமருந்துக்குப் பதிலாக 'பால் பவுடர்' (ball powder) என்ற உருண்டை மணி வெடிமருந்துக்கு மாறினார்கள், சுடும் வேகம் கூடியது, கரி கூடியது. சேம்பரில் குரோம் பூச்சு இல்லை, அந்த ஈரத்தில் துரு பிடித்தது. துடைப்புக் கருவிகள் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று விசாரித்து, வெடிமருந்தை மாற்றியதைக் கடுமையாகக் கண்டித்தது. பிறகு குரோம் பூச்சு வந்தது, பராமரிப்பைச் சொல்லித்தர வில் ஐஸ்னர் படம் வரைந்த கையேடு 1968-இல் வந்தது.

ஏரிக்கரை அண்ணாவுக்கு எக்ஸ்ட்ராக்‌ஷன் கோளாறு இல்லை, கேஸ் வெளியே வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நின்ற இடத்தில் அப்படியே நிறுத்தி, என்ன எங்கே கிடக்கிறது என்று பார்த்த பிறகு கையை வையுங்கள். முடிந்தால் ஒரு படம் எடுங்கள்.

---

ஏரிக்கரை (ஓஹையோ)
சனி இரவு

நிறைய நடந்தது, வரிசையாகச் சொல்கிறேன்.

கேஸ் பிளக் தளர்ந்திருந்தது. கருவியைப் போட்டதும் அரைச் சுற்றுக்கு மேல் திரும்பியது. ஸ்டாக் மாற்றிய அன்று அதையும் கழற்றித் துடைத்துவிட்டுக் கையால் மட்டும் திருகியிருக்கிறேன். கிளப்பில் மெஷினிஸ்ட் ஒருவர் பிஸ்டனை அளந்தார், 0.5255. சிலிண்டரும் நல்ல நிலையில் இருக்கிறதாம்.

பிளக்கை இறுக்கி, கிரீஸ் வைத்து, வேறு எதையும் தொடாமல் 4 கிளிப், 32 தோட்டா சுட்டேன். காலி சேம்பர் ஒரே ஒரு தடவை. 7-ஆவதில் மூக்கு தூக்கியது ஒரு தடவை. கேஸ் இப்போது நாலைந்து அடி தள்ளி விழுகிறது, ஆனால் பழைய தூரம் இல்லை.

வீட்டுக்கு வந்து சாய்வுச் சோதனை. ஸ்டாக் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது, கேட்கவே சுகமான சத்தம். ஸ்டாக்கை மாட்டிச் சாய்த்தால் கடைசி இரண்டு அங்குலத்தில் தயங்கி நிற்கிறது. நாலு தடவை செய்தேன், நாலு தடவையும் அதே இடம்.

எங்கே உரசுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

பழைய ஹவில்தார் (திருநெல்வேலி)
ஞாயிறு காலை

வீட்டில் சாமி விளக்கு இருக்கும் இல்லையா? திரியை உயர்த்தி ஒரு கிண்ணத்தை மேலே பிடி. படியும் கரியை ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்து ராடின் மேல் மெல்லப் பூசு. கண்மைதான், வேறில்லை. ஸ்டாக்கை மாட்டி, பத்துத் தடவை இழுத்துவிட்டுக் கழற்று. மரத்தில் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அதுதான் இடம்.

---

மஞ்சள்கிரீஸ் (பென்சில்வேனியா)
ஞாயிறு காலை

ஐயா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. கரி ஒட்டிய இடத்தை மட்டும் தேய்க்கவும். ஒரு வட்டக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் தேய்ப்பது, மாட்டிப் பார்ப்பது, மறுபடி கரி. கத்தி வேண்டாம். முடித்ததும் வெறும் மரத்தை அப்படியே விடாமல் ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள், இல்லாவிட்டால் ஈரத்தை உறிஞ்சி மறுபடி உப்பும். ரிசீவர் உட்காரும் இடத்தைத் தொடவே கூடாது, அது தளர்ந்தால் குறி போய்விடும்.

---

ஏரிக்கரை (ஓஹையோ)
அடுத்த சனி இரவு

கரி வேலை செய்தது ஐயா. முன்பக்கம், வலதுபுறக் கால்வாயின் சுவரில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புத் தடம். கோடை ஈரத்தில் புது மரம் லேசாக உள்ளே வந்திருக்க வேண்டும். மூன்று தடவை தேய்த்து, மூன்று தடவை கரி பூசிப் பார்த்தேன். இப்போது ஸ்டாக்கோடும் முழுத் தூரம் சறுக்குகிறது.

இன்று 6 கிளிப், 48 தோட்டா. கிளிப்புகளுக்கு நகப்பூச்சால் 1 முதல் 6 வரை எண் போட்டிருந்தேன். காலி சேம்பர் ஒரு தடவைகூட இல்லை. கேஸ் பழையபடி முன்னால் பாய்கிறது. ஆனால் 7-ஆவதில் மூக்கு தூக்குவது இரண்டு தடவை வந்தது. ஒன்று கிளிப் 4, இன்னொன்று கிளிப் 2. இரண்டு தோட்டாவிலும் அதே பிறைப் பள்ளம்.

ஸ்பிரிங்கைக் கழற்றி அளந்தேன். 18 முக்கால் அங்குலம்.

---

மஞ்சள்கிரீஸ் (பென்சில்வேனியா)
அடுத்த சனி இரவு

இப்போது ஸ்பிரிங் வாங்குங்கள். புதியது 20 அங்குலத்துக்குச் சற்று முன்பின் இருக்கும், 19-க்குக் கீழே போனால் மாற்றுவது வழக்கம்.

7-ஆவதில் ஏன் என்றால், கிளிப் நிறைந்திருக்கும்போது ஃபாலோயர் கீழே இருக்கும், ஃபாலோயர் ராட் ஸ்பிரிங்கை அதிகம் அழுத்திக்கொண்டிருக்கும். தோட்டா குறையக் குறைய ஃபாலோயர் எழும்பும், ஸ்பிரிங் தளரும். கடைசித் தோட்டாக்களைத் தூக்க மிஞ்சுவது அதன் கடைசித் தெம்பு. வயதான ஸ்பிரிங் அங்கேதான் முதலில் தோற்கும். முன்பு போல்ட் சோம்பலாக வந்ததால் தோட்டா எழும்ப நேரம் கிடைத்திருக்கலாம். உரசலை எடுத்ததும் போல்ட் வேகமாக வருகிறது, தளர்ந்த ஸ்பிரிங் அதற்கு ஈடு கொடுக்க முடியவில்லை. ஒன்றைச் சரிசெய்ததும் இன்னொன்று கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது அதனாலாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

'கூடுதல் வலு' என்று விற்கும் ஸ்பிரிங் வேண்டாம். சாதாரண அளவே போதும். மாட்டும்போது ஒரு விரல் கிரீஸை நீளமாகத் தடவிவிடுங்கள். கிளிப் 4-ஐயும் 2-ஐயும் எறியாமல் வையுங்கள், புது ஸ்பிரிங்கோடு அவற்றையும் சோதிக்க வேண்டும்.

---

குறிமுள் (டெக்சஸ்)
ஞாயிறு காலை

என்னுடைய கேரண்டும் இரண்டு மாதமாக மூன்று கிளிப்புக்கு ஒரு தடவை நிற்கிறது. தோட்டாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இதைப் படித்துவிட்டுப் போய் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், விரலாலேயே சுழல்கிறது. நன்றி.

---

ஏரிக்கரை (ஓஹையோ)
மூன்று வாரம் கழித்து

புது ஸ்பிரிங் வந்தது, அளந்தேன், 20 அங்குலம். வேறு எதையும் மாற்றவில்லை. முதல் நாள் 8 கிளிப், 64 தோட்டா, ஒன்றும் நிற்கவில்லை. போன சனி கிளப் போட்டி, வேகச் சுற்றில் பத்தும் போனது. புள்ளி சுமார்தான், ஆனால் கை ரைபிளை நம்பியது, கண் இலக்கைவிட்டு நகரவில்லை.

கிளிப் 2 ஒழுங்காக வேலை செய்கிறது. கிளிப் 4-இல் தோட்டா மற்றவற்றைவிடத் தளர்வாக உட்காருகிறது என்று டம்மி போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. சுடும்போது நிற்கவில்லை. இருந்தாலும் போட்டிக்கு எடுத்துப் போகவில்லை, தனியாக வைத்துவிட்டேன்.

மொத்தச் செலவு ஒரு ஸ்பிரிங், ஒரு தாள் உப்புத்தாள், ஒரு டப்பா கிரீஸ். எக்ஸ்ட்ராக்டர், எஜெக்டர், ஃபாலோயர், லாட்ச் எல்லாம் 1943-இல் யாரோ போட்டபடியே இருக்கின்றன. மஞ்சள்கிரீஸ் அண்ணாவுக்கும் ஹவில்தார் ஐயாவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

---

பழைய ஹவில்தார் (திருநெல்வேலி)
அன்று இரவு

சந்தோஷம் தம்பி. இன்னும் இருநூறு தோட்டா சுட்டதும் அந்த ஸ்பிரிங்கை மறுபடி அளந்து இங்கே எழுது. தேதியையும் போடு.

---

ஏரிக்கரை (ஓஹையோ)
அன்று இரவு

சரி ஐயா. நோட்டில் முதல் வரி எழுதிவிட்டேன்: 20 அங்குலம், 74 தோட்டா.